ஒரே மைக்கில் பதிந்தது

அத்தியாயம் 17

“வெட்டிட்டேன்” என்று அண்ணனிடம் சொன்ன நாளிலிருந்து லொண்டேகாவுக்குத் தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. காரணம் ஒன்றும் சிக்கலானதல்ல. அவள் வெட்டவில்லை.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு எதை வெட்டவில்லை என்பது தெரியும். வழியில் ஏறிக்கொண்டவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருவோம்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே உம்லாஸியில் பஸ் டிரைவர் செலேயின் வீடு. மகன் பெக்கானி, மகள் லொண்டேகா. இருவரும் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு நடத்துகிற ராக் குழுவுக்கு ‘ஈரச் சட்டைகள்’ என்று பெயர். டர்பன் புழுக்கத்தில் ஒரு பாட்டு முடிவதற்குள் சட்டையைப் பிழிந்து காயப்போட வேண்டிவரும், பெயர் அப்படி வந்தது. பாட்டெழுதிப் பாடுவது தங்கை. கிட்டார் அண்ணன்.

ஆரம்ப காலத்து ஈரச் சட்டைகளைக் கேட்டவர்கள் பக்கத்தில் கரும்பாலை ஓடுவதாக நினைத்துக்கொண்டு போனார்கள். பெக்கானியின் காலடியில் கிட்டார் சத்தத்தை மாற்றுகிற பெடல்கள் கடை பரப்பியிருக்கும். எல்லாவற்றையும் அமுக்கிவிட்டால் தப்பாக வாசித்தாலும் யாருக்கும் தெரியாது, அது ஒரு சௌகரியம். அப்புறம் எதிரொலிக் காலம் வந்தது. கிணற்றில் விழுந்தவன் ஆள் கூப்பிடுவது போல ஒரு வருடம் வாசித்தான். பாட்டும் அதற்கேற்ற பாட்டுதான். கண்ணால் பார்த்தே இராத பனியைப் பற்றி லொண்டேகா ஆங்கிலத்தில் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் பெக்கானி பெடல்களை மூட்டை கட்டி வைத்தான். மெல்லிய கம்பியை ஒரு சுரம் இறக்கினான். கட்டைவிரல் ஒரு பக்கம் அடித்தாளம் போட, மற்ற விரல்கள் இன்னொரு பக்கம் ஓடின. ஊரிலிருந்து நகரத்துக்கு வேலை தேடி வந்த ஸுலு ஆட்கள் நடந்துகொண்டே வாசித்த மஸ்காண்டி கிட்டார் அது. அதைக் கொண்டுவந்து ராக் டிரம்ஸுக்கு நடுவில் உட்கார வைத்தான். அன்றைக்கே லொண்டேகா பனியைத் தலைமுழுகினாள். தாய்மொழியில் எழுத உட்கார்ந்தபோது முதலில் வந்தது அப்பாவின் பஸ்.

சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் மதில்மேல் உட்கார்ந்து காத்திருப்பார்கள். அப்பாவின் பஸ் வீட்டைத் தாண்டிப் போகும். அங்கே நிறுத்தம் கிடையாது, அவரும் நிறுத்த மாட்டார். விளக்கை மட்டும் ஒரு தடவை அணைத்துப் போடுவார். பாட்டு அவ்வளவுதான்.

பாட்டு வந்துவிட்டது, சத்தம் வரவில்லை. பெக்கானிக்குக் கிட்டார் சுத்தமாகவும் இருக்க வேண்டும், ஓரத்தில் கொஞ்சம் கிழிந்தும் இருக்க வேண்டும். துணிக்கடை மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பிரெகா எத்தனையோ விதமாகப் பதிந்து பார்த்தான். (தாத்தா வைத்த பெயர் பிரகாசன். ஊர் வாயில் புரண்டு பிரெகா ஆகிவிட்டது.) ஒரு தடவை சலவைக்குப் போய் வந்தது போல இருந்தது. மறு தடவை பழையபடி கரும்பாலை.

அப்புறம்தான் அந்த மின்வெட்டு. இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று பெக்கானி பாட்டரியில் ஓடுகிற கையகல ஸ்பீக்கரில் கிட்டாரைச் செருகினான். பிரெகாவின் பாட்டரிக்கு ஒரே ஒரு மைக் தாங்கும். அதைப் பெக்கானியின் வாய்க்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நிறுத்தினான். பெக்கானி வாசித்தான். மூன்று வருடமாகத் தேடிய சத்தம் அந்த இருட்டில் வந்து நின்றது. லொண்டேகாவின் பாட்டையும் டிரம்ஸையும் பிறகு அதன்மேல் ஏற்றிக்கொண்டார்கள்.

அதோடு முடிந்திருந்தால் இந்தத் தொடருக்கு வேலையில்லை. மஸ்காண்டிக்காரனுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டின் நடுவே எல்லாம் அடங்கி, கிட்டார் மட்டும் ஓடும்போது, தான் யார், எந்த ஆற்றுத் தண்ணீர் குடித்தவன், எந்தக் குலம் என்று மூச்சுவிடாமல் சொல்வான். பெக்கானி எப்போதும் சொல்வது ம்ஸும்பே ஆற்றை. எப்போதும் சொல்வது ‘ந்தோசி’ என்ற பட்டத்தை. செலே குலத்தாரை ஊரார் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு இருட்டில் அவன் துகேலா ஆற்றைச் சொன்னான். ‘ம்வெலாசே’ என்றான். அது ம்தெம்பு குலத்தின் பட்டம்.

அவனைப் பெற்றவன் ஒரு ம்தெம்பு. கைக்குழந்தையோடு நின்ற அம்மாவைக் கட்டிக்கொண்டு, ஆடு வெட்டி, பிள்ளையின் கையில் ஆட்டுத்தோல் வளையம் கட்டி, “இவன் நம்ம பையன்” என்று செலே முன்னோர்களிடம் அறிமுகம் செய்து வைத்தவர் அப்பா. இந்த விஷயம் பெக்கானிக்குத் தெரியும் என்பது அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. ஈஸ்டருக்குச் சித்தி வீட்டில் நடந்த சண்டையில் சித்தி வாய் தவறிக் கொட்டியதை அவன் தங்கையிடம் மட்டும்தான் சொன்னான்.

“அப்பாவப் பத்தின பாட்டுல நின்னுக்கிட்டு ந்தோசின்னு சொல்ல வாய் வரல. திருடற மாதிரி இருந்துச்சு. அதான் மத்தத சொல்லிப் பாத்தேன். அது இன்னும் கேவலமா இருக்கு. வெட்டிரு லொண்டேகா” என்றான்.

அவளும் வெட்டத்தான் போனாள். பிரெகா கையை விரித்துவிட்டான்.

“பிரியாணிலருந்து உப்ப மட்டும் எடுக்கச் சொல்ற. ஒரே மைக்கு. குரல எடுத்தா கிட்டாரும் கூடவே வரும். அந்த எடத்தையே தூக்கிரலாம்னா, அங்கதான் பாட்டு வேகம் பிடிக்குது. முன்னாடி ஒரு பாட்டு, பின்னாடி ஒரு பாட்டுன்னு ரெண்டா நிக்கும். மறுபடி வாசிச்சா இதே சத்தம் வரும்னு என்னால சொல்ல முடியாது.”

பிரெகா முன்னே பதிந்ததில், கரும்பாலை போல இரைந்த பழைய பதிவு ஒன்று பத்திரமாக இருந்தது. அதில் குலமும் இல்லை, ஆறும் இல்லை. அதையே வானொலிக்குக் கொடுத்திருக்கலாம். லொண்டேகா இரண்டையும் அனுப்பிவைத்தாள். அண்ணனிடம் போய் “வெட்டிட்டேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஒலிபரப்பு. இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

*

காலையில் அப்பா சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே போட்டது. மறுபடியும் போட்டார்.

லொண்டேகா ஒரே ஒரு தைரியத்தில்தான் இத்தனை நாள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு அப்பா பஸ்ஸில் இருப்பார். ஓட்டும்போது ரேடியோ கூடாது என்பது கம்பெனியின் கண்டிப்பு. அவரோ கம்பெனி சொன்னால் தும்மலைக்கூட அடக்கிக்கொள்கிற ஆள்.

“மூணு மணி வண்டிய ஷாங்கே எடுத்துக்கறான்” என்றார் அப்பா, காலரைத் திருப்பிக்கொண்டே. “நான் டெர்மினல்ல இருப்பேன். ரேடியோ கொண்டுபோறேன். டிரைவர்ங்க எல்லாரும் வராங்க.”

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தாள். நேற்றே அண்டை வீடுகளில் சொல்லியாயிற்றாம். மாதா கோயில் பெண்கள் சங்கத்தில் சொன்னது போன வாரமாம். இந்த மனுஷன் பஸ் டிக்கெட்டில் அச்சடிக்காததுதான் பாக்கி என்றாள்.

“எதுக்குப்பா அவ்வளவு பேரு? அங்க ஒரே இரைச்சலா இருக்கும். வீட்டுக்கு வந்தப்புறம் போன்ல போட்டுக் காட்டறேனே” என்று லொண்டேகா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

“போன்ல கேக்கறதும் ரேடியோவுல கேக்கறதும் ஒண்ணா?” அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “நடுவுல அவன் பேரு சொல்ற எடம் வருமில்ல, அதுக்குத்தான் காத்திருக்கேன். எங்கப்பா கப்பல் மூட்டை தூக்கியே செத்தாரு. அவர் பேரை ஒருத்தரும் மைக்குல சொன்னதில்ல. இன்னைக்கு என் பையன் சொல்லப்போறான். ஊரே கேக்கப்போகுது.”

லொண்டேகாவின் கையில் டீ இருந்தது. அவள் அதைக் குடிக்காமலே கொண்டுபோய்க் கழுவும் தொட்டியில் ஊற்றினாள். பழைய பதிவு போனால் அப்பா ஏமாந்துபோவார். புதியது போனால் அவர் என்ன ஆவார் என்று நினைக்கவே அவளுக்குத் துணிச்சல் இல்லை. பாவி, ஒரு சத்தத்துக்கு ஆசைப்பட்டு இப்படி வந்து மாட்டிக்கொண்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

*

பெக்கானிக்குக் கடற்கரையில் வேலை. அலைமேல் சறுக்குகிறவர்களின் பலகைகள் உடைந்தால் ஒட்டி, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பான். அவள் போனபோது முகமூடியும் வெள்ளைத் தூசியுமாக, மாவு மில்லில் வேலை செய்கிறவன் போல நின்றிருந்தான்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தாள். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்தாள். அண்ணே, நான் வெட்டல. இரண்டே சொல். சொல்லிவிட்டால் அவன் கத்துவான், இரண்டு நாள் பேச மாட்டான், மூன்று மணிக்குப் பழைய பாட்டு போகும், எல்லாம் அடங்கிவிடும்.

அவன் முகமூடியைக் கழற்றினான். முகம் தெளிவாக இருந்தது. ஈஸ்டருக்குப் பிறகு அவள் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை.

“நல்லவேளை நீயே வந்த. நானே சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன்” என்றான். “அப்பாகிட்ட பேசப்போறேன். ஞாயித்துக்கிழமை.”

“என்ன பேசப்போற?”

“எனக்குத் தெரியும்ப்பா, ஆனா நீங்கதான் எங்கப்பான்னு. வேற என்ன?” அவன் கையிலிருந்த தூசியைத் தட்டினான். “எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியாமத்தான் இத்தன நாள் பயந்துக்கிட்டிருந்தேன். அவரு என் வாயால கேக்கணும். அம்மா சொல்லிக் கேக்கக் கூடாது, சித்தி சொல்லிக் கேக்கக் கூடாது. நான் சொன்னா தாங்கிக்குவாரு.”

லொண்டேகா தலையாட்டினாள்.

“அன்னைக்கு இருட்டுல உளறினத மட்டும் நீ வெட்டலேன்னா என் கதி என்ன? அத நெனச்சு ராத்திரி ராத்திரி எந்திரிச்சு உக்காந்திருக்கேன். நீ வெட்டிட்டேன்னு சொன்ன அன்னைக்குத்தான் தூங்கினேன்” என்றான் பெக்கானி.

வாயைத் திறந்தாள். கடல் காற்று உள்ளே போனதுதான் மிச்சம். தூங்குகிறேன் என்று சொல்கிறவனை எப்படித் தட்டி எழுப்புவது? அதைவிட, வானொலி நிலையத்துக்குப் போய்ப் பாட்டையே மாற்றிவிட்டால் இவன் தூக்கமும் கெடாது, தன் பொய்யும் பொய்யில்லாமல் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. தப்பு செய்தவர்களுக்கு இந்த மாதிரி யோசனைக்குப் பஞ்சமே கிடையாது.

“மூணு மணிக்குக் கேப்பியா?” என்று மட்டும் கேட்டாள்.

அவன் சிரித்தான். தன் வாசிப்பைத் தானே கேட்கிற வழக்கம் அவனுக்கு என்றைக்கும் இல்லை. மூன்று மணிக்குப் பலகையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும், வாசித்தவன் கேட்டு என்ன ஆகப்போகிறது, கேட்க வேண்டியவர் கேட்டால் போதும் என்றான்.

*

வானொலி நிலையத்தில் அந்த நிகழ்ச்சியை நடத்துகிறவள் ஸானெலே. சின்ன உருவம், பெரிய குரல். லொண்டேகாவைக் கண்டதும் பக்கத்தில் உட்காரச் சொல்லி, தலைக்கு மாட்டுகிற ஹெட்போன் ஒன்றைக் கையில் கொடுத்தாள்.

பழைய பதிவைப் போட்டால் போதும் என்று லொண்டேகா சொன்னாள். ஏன் என்று ஸானெலே கேட்டாள். குடும்ப விஷயம் என்றாள் லொண்டேகா. ஸானெலே அதற்குமேல் துருவவில்லை. ஒலி அளவு சரிபார்க்க வேண்டும் என்று பழையதை ஒரு நிமிடம் ஓட விட்டாள்.

கரும்பாலை ஓடியது. லொண்டேகாவின் குரல் அதற்குள் எங்கேயோ நசுங்கிக் கிடந்தது. அப்பாவின் பஸ்ஸையும் காணோம், மதிலையும் காணோம். யாரோ எதற்கோ கோபமாக இருந்தார்கள், அவ்வளவுதான் தெரிந்தது. இதைத்தான் அப்பா டிரைவர்கள் நடுவில் ரேடியோவைத் தூக்கிப் பிடித்துக் கேட்கப்போகிறார்.

“இன்னொன்னு என்ன இது?” என்று ஸானெலே புதியதைத் தொட்டாள்.

கையகல ஸ்பீக்கரிலிருந்து அண்ணனின் கட்டைவிரல் நடக்க ஆரம்பித்தது. ஸானெலே பேச வந்ததைப் பாதியில் விட்டாள்.

இங்கேதான் லொண்டேகா சறுக்கினாள். சறுக்கினாள் என்பதுகூட அவளுக்குப் பரிந்து சொல்வதுதான். தெரிந்தே கால் வைத்தாள்.

“இதையே போடலாம். ஆனா நடுவுல கிட்டார் மட்டும் ஓடறப்ப அவன் ஏதோ பேசுவான், அந்த எடத்துல நீங்க பேசணும். குழு பேரு, எங்க பேரு, அடுத்த கச்சேரி எங்கன்னு, என்ன வேணா சொல்லுங்க. அவன் குரல் மட்டும் வெளிய கேக்கக் கூடாது” என்றாள்.

“அவ்வளவுதானே? பாட்டு மேல பேசறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே” என்றாள் ஸானெலே.

லொண்டேகாவுக்குத் தன் புத்திசாலித்தனத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சத்தமும் தப்பியது, அண்ணனும் தப்பினான், அப்பாவும் தப்பினார். பேர் கேட்கவில்லையே என்று அப்பா குறைப்படுவார். அறிவிப்புக்காரி வாயை மூடவே மாட்டாளா என்று அவளை நாலு திட்டு திட்டுவார், விட்டுவிடுவார்.

மூன்று மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டு கிளம்பியது.

அவள் பாடிய முதல் பகுதி போனது. டிரம்ஸ் உள்ளே வந்தது, மறுபடி விலகியது. கிட்டார் தனியாக ஓடத் தொடங்கியது. ஸானெலே மைக்கை இழுத்தாள். வாயைத் திறந்தாள்.

பேசவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கை மைக்கின் பொத்தான் மேல் இருந்தது, அழுத்தவில்லை. லொண்டேகா அவள் தோளைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். எட்டுகிற தூரம்தான். ஆனால் காதுக்குள் அண்ணனின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கிழிசல், அந்தச் சுத்தம், அதன்மேல் மூச்சுவிடாமல் அவன் குரல். இதை எழுதியவள் நான் என்று அவள் நெஞ்சு விம்மியது. ஒரு கணம், அந்த ஒரே கணம், அவள் எல்லாவற்றையும் மறந்துபோய் வெறும் பாட்டுக்காரியாக உட்கார்ந்திருந்தாள்.

துகேலா. ம்வெலாசே.

நினைவு வந்தபோது டிரம்ஸ் திரும்பி வந்துவிட்டது. பாட்டு வேகம் பிடித்து வெகுதூரம் போய்விட்டது.

“மன்னிச்சிரு தாயி” என்றாள் ஸானெலே, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அது மேல பேசறது பாவம்னு தோணிருச்சு.”

அதற்குள் நிலையத்தின் போன் அடிக்க ஆரம்பித்திருந்தது. இது யார், எந்த ஊர், மறுபடி போடுங்கள் என்று ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஸானெலே ஒவ்வொன்றாக வாங்கி லொண்டேகாவிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை. தன் போனை எடுத்துப் பார்த்தாள். அப்பா கூப்பிடவில்லை.

*

வீட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பா வந்துவிட்டிருந்தார். அவர் இந்நேரத்துக்கு வீட்டில் இருப்பது கிடையாது. சீருடையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சட்டை மடிப்பு காலையில் தேய்த்தது தேய்த்தபடி நின்றது. அம்மா சுவரோரமாக நின்றிருந்தாள்.

“நல்ல பாட்டு” என்றார் அப்பா.

லொண்டேகா நின்ற இடத்திலேயே நின்றாள்.

“பஸ்ஸு விளக்கப் பத்தி எழுதியிருக்க. உங்களுக்கு அது நெனப்பிருக்கும்னு நான் நெனக்கல.” அப்புறம் டெர்மினலில் நடந்ததைச் சொன்னார். கோபமில்லாமல், யார் வீட்டிலோ நடந்ததைப் போலச் சொன்னார். எல்லோரும் சுற்றி நின்றார்களாம். பேர் சொல்கிற இடம் வந்ததும் பேசாதீர்கள் என்று அவரே கையைக் காட்டி அடக்கினாராம். முடிந்ததும் ம்சிங்கா பக்கத்து டிரைவர் ஒருவன், அவனும் ஒரு ம்தெம்பு, சூதுவாது தெரியாதவன், ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டானாம். ‘என்ன ந்தோசி, உன் வீட்டுல எங்க ஆளு வளர்றான், ஒரு வார்த்த சொல்லலியே’ என்றானாம்.

“நான் பெக்கானிகிட்ட ஒண்ணும் சொல்லல ந்தோசி. என் பிள்ளைக மேல சத்தியமா” என்றாள் அம்மா.

“யார் சொன்னாங்கன்னு நான் கேக்கல. பொறந்த எடம் தெரியறது தப்பில்ல.” அப்பா மகளைப் பார்த்தார். “எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். ரெக்கார்டிங்னா வேண்டாதத எடுத்துருவாங்கல்ல? மறுபடி பாடுவாங்க, மறுபடி வாசிப்பாங்க. இது தவறிப்போய் வந்துருச்சா? இல்ல, ஊர் கேக்கட்டும்னு அவனேதான் விடச் சொன்னானா?”

இல்லப்பா. அவன் வெட்டச் சொன்னான். நான்தான் வெட்டல.

இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி வரும். ஏன் வெட்டல? கிட்டார் சத்தம் நன்றாக இருந்தது அப்பா. இந்தப் பதிலை அந்த முகத்தின் முன்னால் வைக்க அவளால் முடியவில்லை. ஒரு சத்தத்துக்காகவா என்று அவர் கேட்டால், ஆமாம் என்பதைத் தவிர அவளிடம் வேறு பதில் இல்லை.

அப்பா காத்திருந்தார். நிறைய நேரம் கொடுத்தார். பிறகு தலையை மெல்ல ஆட்டினார், விடை கிடைத்துவிட்டது போல.

வாசலில் செருப்பு உதறும் சத்தம் கேட்டது. தலைமுடியில் கடல் உப்போடு பெக்கானி உள்ளே வந்தான். கையில் இறைச்சிப் பொட்டலம். இன்றைக்கு வீட்டில் கொண்டாட்டம் இருக்கும் என்று வாங்கி வந்திருக்கிறான்.

“எப்படிப்பா இருந்துச்சு? டிரைவர்ங்க என்ன சொன்னாங்க?”

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். மகன் வந்தால் அவர் எழுந்து நின்றதே கிடையாது.

“வாங்க, ம்வெலாசே” என்றார். “உக்காருங்க. தூரத்துலருந்து வந்திருக்கீங்க.”

பெக்கானி முதலில் சிரித்தான், அப்பா ஏதோ விளையாடுகிறார் என்று. அம்மா சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

“ஞாயித்துக்கிழமை துகேலாப் பக்கம் போவோம்” என்றார் அப்பா, அதே மரியாதையான குரலில். “உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட நானே கொண்டுபோய் விடறேன். எங்க முன்னோர்கிட்ட உங்கள அறிமுகம் பண்ணி வெச்சவன் நான். அவங்ககிட்ட உங்களத் திருப்பிக் கேட்டு வாங்கறப்பவும் நான்தான் நிக்கணும். அதான் முறை.”

பெக்கானி அப்பாவைப் பார்க்கவில்லை. லொண்டேகாவைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. பார்த்துக்கொண்டே நின்றான், அவள் சொல்லட்டும் என்று. இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. வாயைத் திறந்தால் போதும்.

அவள் தரையைப் பார்த்தாள்.

அவன் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. இறைச்சிப் பொட்டலத்தை மேசை ஓரத்தில் வைத்தான். “சரிங்க” என்றான். வெளியாட்கள் வந்தால் உட்காருகிற வாசலோர நாற்காலிக்குப் போய் அதன் நுனியில் உட்கார்ந்தான்.

“வந்தவருக்குத் தண்ணி குடும்மா” என்றார் அப்பா.

லொண்டேகா போய் மொண்டு வந்தாள். பெக்கானி எழுந்து நின்று, அந்நிய வீட்டில் வாங்கிக்கொள்வது போல, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.